கருத்துத் திருட்டும் பதவி விலகலும்: ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் கிளாடின் கே விவகாரம்

ஆய்வுச் சுருக்கம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 30ஆவது தலைவரான கிளாடின் கே, கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டுகளின் நடுவே 2024 சனவரி 2ஆம் நாள் பதவி விலகினார். இவ்விலகல் கல்விசார் நேர்மைக்குக் கிடைத்த வெற்றி என ஒரு சாராரும், அரசியல் அழுத்தத்தின் விளைவு என மற்றொரு சாராரும் கூறினர். குற்றச்சாட்டின் உண்மை, அதன் கடுமை, அதைத் தீர்ப்பதற்குரிய அமைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்கினாலன்றி இவ்விவாதத்தில் தெளிவு பிறவாது. விசாரணை முறை வெளிப்படையாகவும் அனைவருக்கும் பொதுவாகவும் அமையாதபோது, மேற்கோள் நெறி குறித்த கேள்வி அரசியல் கேள்வியாக மாறிவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: கருத்துத் திருட்டு, மேற்கோள் நெறி, ஆய்வு முறைகேடு, ஹார்வர்டு, பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் 2018

முன்னுரை

ஆய்வுலகம் நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. ஓர் ஆய்வேட்டில் சான்று காட்டப்படாத தொடர்கள் அனைத்தும் ஆய்வாளருடையவை என்று படிப்பவர் கொள்கிறார். அந்நம்பிக்கை தளரும்போது, தளர்ச்சிக்குக் காரணமானவர் மாணவராயினும் பல்கலைக்கழகத் தலைவராயினும் விளக்கம் கூறக் கடமைப்பட்டவர் ஆகிறார். அவ்விளக்கத்தை யார் கேட்பது, எவ்விதியின்படி அளப்பது என்பன எளிய வினாக்கள் அல்ல என்பதை ஹார்வர்டு நிகழ்வு காட்டியது.

நிகழ்வுகளின் வரிசை

எய்ட்டியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளான கிளாடின் கே அரசியல் அறிவியல் அறிஞர். ஹார்வர்டிலேயே முனைவர் பட்டம் பெற்றவர். 2018 முதல் அங்குக் கலை அறிவியல் புலத்தின் முதன்மையர். 2023 சூலை 1ஆம் நாள் அவர் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்பதவியை ஏற்ற முதல் கறுப்பினத்தவரும் இரண்டாவது பெண்ணும் அவரே.

2023 அக்டோபர் 7ஆம் நாள் இசுரேல் மீது அமாசு நடத்திய தாக்குதலையடுத்து, அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் பெரும் கருத்து மோதல் எழுந்தது. டிசம்பர் 5ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் கல்விக் குழுமுன் ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்.ஐ.டி. ஆகிய மூன்று நிறுவனங்களின் தலைவர்களும் சாட்சியம் அளித்தனர். யூதர் இனப்படுகொலைக்கு அறைகூவல் விடுப்பது பல்கலைக்கழக நடத்தை விதிகளை மீறுவதாகுமா என்ற வினாவிற்கு, அது சூழலைப் பொறுத்தது என்ற பொருளில் அவர்கள் அளித்த விடைகள் கடும் கண்டனத்திற்கு உள்ளாயின. நான்கே நாட்களில் பென்சில்வேனியாவின் தலைவர் லிஸ் மகில் பதவி விலகினார்.

டிசம்பர் 10ஆம் நாள் கிறிஸ்டோபர் ரூஃபோ, கிறிஸ்டோபர் புருனெட் ஆகிய இருவரும் கிளாடினின் 1997ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்து உரிய குறிப்பின்றி இடம்பெற்றுள்ளதாக வெளியிட்டனர். மறுநாள் வாஷிங்டன் ஃபிரீ பீக்கன் இதழ் மேலும் சில படைப்புகளைச் சுட்டியது. டிசம்பர் 12ஆம் நாள் ஹார்வர்டு கார்ப்பரேஷன் எனப்படும் ஆட்சிக்குழு தலைவருக்கு ஒருமனதாக ஆதரவு தெரிவித்தது. புதிய குற்றச்சாட்டுகள் தொடர்ந்து வெளிவந்து எண்ணிக்கை ஏறத்தாழ ஐம்பதை எட்டிய நிலையில், சனவரி 2ஆம் நாள் கிளாடின் விலகினார். ஆறு மாதங்களும் சில நாட்களுமே நீடித்த அவருடைய பதவிக்காலம் ஹார்வர்டு வரலாற்றில் மிகக் குறுகியதாகும். பேராசிரியர் பணியில் அவர் தொடர்ந்தார்.

குற்றச்சாட்டின் தன்மை

தமிழில் இக்குற்றத்தைக் குறிக்கக் கருத்துத் திருட்டு, எழுத்துத் திருட்டு என்னும் இரு தொடர்களும் வேறுபாடின்றி வழங்குகின்றன. இந்நிகழ்வைப் புரிந்துகொள்ள அவ்வேறுபாடு இன்றியமையாதது. சுட்டப்பட்ட பத்திகளில் பெரும்பாலானவை முன்னாய்வுகளைத் தொகுத்துரைக்கும் பகுதிகளிலும் ஆய்வு முறையை விளக்கும் பகுதிகளிலும் அமைந்தவை. சில இடங்களில் மூல ஆசிரியர் பெயர் உண்டு. மேற்கோள் குறி இல்லை. சில இடங்களில் பெயரும் இல்லை. ஆய்வேட்டின் நன்றியுரையிலும் ஜெனிஃபர் ஹாக்சைல்டு தம் நூலில் எழுதிய நன்றியுரையை ஒத்த தொடர்கள் காணப்பட்டன.

எழுத்து எடுத்தாளப்பட்டோரே இதனை வெவ்வேறாக மதிப்பிட்டனர். ஆய்வேட்டின் ஒரு பத்தி பிராட்லி பாம்குவிஸ்ட், ஸ்டீபன் வாஸ் ஆகியோரின் 1996ஆம் ஆண்டுக் கட்டுரையை ஏறத்தாழ அப்படியே ஒத்திருந்தது. அது விதிப்படி கருத்துத் திருட்டே எனினும் பெரிதுபடுத்தத் தக்கதன்று என்பது வாஸின் நிலைப்பாடு. கேரல் சுவைனோ தம் நூலின் தொடர்கள் மட்டுமன்றித் தம் ஆய்வுப் பங்களிப்பும் உரிய மதிப்பின்றிப் புறக்கணிக்கப்பட்டதாகக் கடுமையாகக் கண்டித்தார். ஒரே செயலை ஒருவர் கவனக்குறைவு என்றும் மற்றவர் பறிப்பு என்றும் உணர்ந்துள்ளனர். பாதிக்கப்பட்டோரின் மன்னிப்போ சினமோ குற்றத்தின் அளவுகோல் ஆகாது. அளவுகோல் விதியில் இருத்தல் வேண்டும்.

விதியும் சொல்லாட்சியும்

அமெரிக்க நடுவண் அரசின் விதி, ஆய்வு முறைகேட்டைப் புனைவு, திரிபு, கருத்துத் திருட்டு என மூன்றாக வகுக்கிறது. பிறருடைய எண்ணங்கள், செயல்முறைகள், முடிவுகள், சொற்கள் ஆகியவற்றை உரிய ஒப்புகையின்றி எடுத்துக்கொள்வது கருத்துத் திருட்டு என்பது அதன் வரையறை. அதே விதி, முறைகேடு என்று தீர்ப்பதற்கு அச்செயல் வேண்டுமென்றோ, அறிந்தோ, பொறுப்பற்ற அலட்சியத்தாலோ செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. 2024இல் திருத்தப்பட்ட விதி, பரவலாக வழங்கும் ஆய்வு முறையொன்றை விளக்கும் ஒத்த தொடர்களின் வரையறுக்கப்பட்ட பயன்பாட்டைக் கருத்துத் திருட்டிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியது.

இப்பின்னணியில், மேற்கோள் காட்டலில் போதாமைகள் சில உள. ஆய்வு முறைகேடு இல்லை என்ற ஹார்வர்டின் டிசம்பர் 12ஆம் நாள் அறிவிப்பு சட்ட அளவில் முரண்பாடுடையதன்று. இரு கட்டுரைகளில் நான்கு திருத்தங்கள் செய்யப்படும் என அவ்வறிவிப்பு கூறியது. எட்டு நாட்களுக்குப் பின் ஆய்வேட்டிலும் மூன்று திருத்தங்கள் தேவை என ஒப்புக்கொள்ளப்பட்டது. இவற்றைக் குறிக்கப் பல்கலைக்கழகம் ‘உரிய ஒப்புகையற்ற ஒத்த மொழி’ என்னும் பொருள்படும் தொடரைக் கையாண்டது. ‘கருத்துத் திருட்டு’ என்ற சொல்லைத் தவிர்த்தது. மாணவருக்கான ஹார்வர்டின் வழிகாட்டி நூலோ, மூலத்தின் தொடரைக் குறிப்பின்றி எடுப்பதைத் தயக்கமின்றி அப்பெயராலேயே சுட்டுகிறது.

இடைவெளி இங்குதான் தோன்றியது. மாணவர் மீதான இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் குழுவின் உறுப்பினர் ஒருவர், ஹார்வர்டு கிரிம்சன் என்னும் மாணவர் இதழில் பெயர் வெளியிடாது எழுதிய கட்டுரையில், ஒத்த பிழைகளுக்காக மாணவர்கள் ஓராண்டு வரை கல்வியிலிருந்து விலக்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார். ரூஃபோவின் பரப்புரையைக் காட்டிலும் பல்கலைக்கழகத்தின் அறநிலையை மிகுதியாகத் தளர்த்தியது இவ்வொப்பீடே எனலாம். பரப்புரையை அரசியல் என்று ஒதுக்க இயலும்; தன் விதியைத் தானே நடைமுறைப்படுத்தும் குழுவின் உறுப்பினர் கேட்ட கேள்வியை அவ்வாறு ஒதுக்க இயலாது.

விசாரணை முறை

நியூயார்க் போஸ்ட் நாளிதழ் 2023 அக்டோபர் இறுதியிலேயே இக்குற்றச்சாட்டுகள் குறித்துப் பல்கலைக்கழகத்திடம் விளக்கம் கேட்டது. பல்கலைக்கழகத்தின் வழக்குரைஞர்கள் அவதூறு வழக்கு எச்சரிக்கையுடன் மறுமொழி அனுப்பினர். மறுபுறம், பல்கலைக்கழகத்திற்கு வெளியே உள்ள அரசியல் அறிவியல் அறிஞர்கள் மூவரைக் கொண்டு ஆய்வு நடத்தப்பட்டது. டிசம்பர் அறிவிப்பில் அவர்தம் பெயர்களோ முழு அறிக்கையோ இடம்பெறவில்லை. ஆய்வு முடிவதற்குள்ளாகவே மறுப்பும் எச்சரிக்கையும் விடுக்கப்பட்டதால், பின்னர் வந்த முடிவும் ஐயத்திற்குரியதாயிற்று.

அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கடைப்பிடித்த முறை ஒப்பிடத்தக்கது. அதன் தலைவரான நரம்பியல் அறிஞர் மார்க் டெசியே-லவின் இணைந்து எழுதிய கட்டுரைகளில் தரவுப் படங்கள் திரிக்கப்பட்டுள்ளன என்ற ஐயத்தை மாணவர் இதழான ஸ்டான்ஃபோர்டு டெய்லி 2022 நவம்பரில் விரிவாக எழுப்பியது. நோபல் பரிசு பெற்ற ராண்டி ஷெக்மன், பிரின்ஸ்டனின் முன்னாள் தலைவர் சர்லி டில்மன் உள்ளிட்ட அறிஞர்களைக் கொண்ட குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர் பெயர்களும் நீண்ட அறிக்கையும் வெளியிடப்பட்டன. டெசியே-லவின் தரவுகளைத் தாமே திரிக்கவில்லை. ஆயினும் பிழைகளைத் திருத்துவதில் போதிய முனைப்புக் காட்டவில்லை என்று குழு கூறியது. 2023 சூலையில் அவர் விலகலை அறிவித்தார். அம்முடிவை ஏற்போரும் மறுப்போரும் அவ்வறிக்கையைப் படித்தே வாதிட இயன்றது.

நோக்கமும் உண்மையும்

கிளாடினை வீழ்த்தும் முயற்சி திட்டமிட்ட பரப்புரை என்பதை ரூஃபோ மறைக்கவில்லை. விலகலுக்கு மறுநாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரையில், பிறர் மொழி உரிய ஒப்புகையின்றி இடம்பெற்ற பகுதிகள் தம் எழுத்தில் உண்டு எனக் கிளாடின் ஏற்றார். பிறர் ஆய்வைத் தமதென்று உரிமை கோரியதில்லை என மறுத்தார். கல்வி நிறுவனங்களின் மீதான நம்பிக்கையைக் குலைக்கும் பெருந்திட்டத்தின் ஒரு பகுதியே இது என்றும் எச்சரித்தார். இனவெறி மிரட்டல்களையும் அவர் எதிர்கொண்டார்.

இவ்விரு நிலைகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. பகைமை கொண்டு தேடியவர் கண்டெடுத்தமையால் ஒரு பத்தி மூலத்தை ஒத்திராமல் போவதில்லை. அவ்வாறே, பத்தி ஒத்திருப்பதனால் தேடலின் நோக்கம் தூயதாகிவிடுவதும் இல்லை. கருத்துத் திருட்டு எவ்வகையிலும் பேசப்படாத பென்சில்வேனியாவின் தலைவர் முன்னரே விலகியிருந்தார் என்பதும், அதே அவையில் சாட்சியம் அளித்த எம்.ஐ.டி.யின் தலைவர் சாலி கோர்ன்புளூத் பதவியில் நீடித்தார் என்பதும் இங்கு எண்ணத்தக்கன. ஹார்வர்டு விலகலுக்கு மேற்கோள் பிழைகளை மட்டுமோ அரசியலை மட்டுமோ காரணம் காட்டுவது பொருந்தாது.

இந்திய விதிமுறையின் ஒளியில்

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் இச்சிக்கல் புதிதன்று. ஸ்டான்ஃபோர்டு அறிஞர் ஒருவரின் இயற்பியல் கட்டுரை எடுத்தாளப்பட்டது குறித்து அப்பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கு 2002இல் கடிதம் எழுதினர். குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் 2003இல் பதவி விலக நேர்ந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகள் ஆய்வேடுகளின் ஒப்புமையை விழுக்காட்டால் அளக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை திருத்திய ஏட்டை ஆறு மாதத்திற்குள் அளித்தல் வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்குமேல் பதிவு நீக்கம். முன்னுரையும் நன்றியுரையும் கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன. நிறுவனத் தலைவர் மீதே புகார் எழுந்தால் அதனைக் கட்டுப்படுத்தும் மேலமைப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தெளிவாகக் கூறுவது இவ்விதிமுறையின் சிறப்பாகும்.

ஆயினும் விழுக்காடு குற்றத்தின் கடுமையை முழுதும் அளப்பதில்லை. பெரிய ஆய்வேடொன்றில் சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்ட சில பத்திகள் 10 விழுக்காட்டிற்குள் அடங்கிவிடும். அடிப்படைக் கருத்தையே பிறரிடமிருந்து எடுத்து வேறு சொற்களில் எழுதினால் மென்பொருள் எதையும் காட்டாது. ஆங்கில நூற்பகுதியைத் தமிழாக்கிக் குறிப்பின்றிச் சேர்த்தாலும் சொல்லொப்புமைச் சோதனையில் அது எளிதில் அகப்படுவதில்லை. தமிழாய்வைப் பொறுத்தவரை, மேற்கோள் நெறியைக் காப்பது மென்பொருளினும் மிகுதியாக நெறியாளரின் வாசிப்பையே சார்ந்துள்ளது.

முடிவுரை

கிளாடின் கே விலகலில் மூன்று வினாக்கள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. பிறர் தொடர்கள் ஒப்புகையின்றி இடம்பெற்றனவா என்பதற்கு விடை ஆம் என்பதே. அவரும் அதனை ஏற்றார். அது பதவியிழப்பிற்குரிய அளவு கடுமையானதா என்பதில் அறிஞர்கள் இன்றும் மாறுபடுகின்றனர். அதனைத் தீர்க்கும் உரிமை யாருக்கு என்ற மூன்றாம் வினாவிற்குத் தகுந்த நேரத்தில் தெளிவான விடை தர ஹார்வர்டு தவறியது. அவ்விடத்தை நாளிதழ்களும் கொடையாளரும் நாடாளுமன்றக் குழுவும் நிரப்பின.

மாணவருக்கும் தலைவருக்கும் ஒரே வரையறை, பெயர் அறிவிக்கப்பட்ட விசாரணைக் குழு, அனைவரும் படிக்கத்தக்க அறிக்கை ஆகிய மூன்றும் முன்பே நிலைபெற்றிருப்பின், தீர்ப்பு எதுவாயினும் அது கல்வியுலகின் தீர்ப்பாக இருந்திருக்கும். அவற்றைக் குற்றச்சாட்டு எழுந்த பின் உருவாக்க முனையும் எந்நிறுவனமும் ஹார்வர்டு அடைந்த இடர்ப்பாட்டையே அடையும்.