பாலில்லாத தட்டு, பிடிவாதக்காரப் பேரன்

2017 ஜூனில் சவூதி அரேபியாவும் அண்டை நாடுகளும் கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டபோது, தோஹா கடைகளில் பால் அலமாரிகள் காலியாயின. கத்தார் குடித்த பாலில் பெரும்பகுதி அதுவரை சவூதியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அடுத்த மாதமே ஜெர்மனியிலிருந்து முதல் தவணையாக 165 பசுக்கள் விமானத்தில் வந்து இறங்கின. அமீரகமும் லேசுப்பட்டதில்லை. அல் அய்னில் 1981-லேயே பால் பண்ணை வைத்துவிட்டார்கள். இன்று ஷார்ஜாவில் பக்காலா என்கிற எந்தத் தெருமுனை மளிகைக்கடைக்குப் போனாலும் லபன், லப்னே, தயிர், சீஸ் என்று குளிர்பெட்டி நிறைந்திருக்கும். வாசலில் நின்று குடிக்கிற கரக் டீயில்கூட டின் பால்தான்.

பாலுக்கு இத்தனை மரியாதை கொடுக்கிற ஊரில் வளரும் என் பேரனுக்குப் பால் ஆகாது.

நான் பாளையங்கோட்டையில் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள். விசிட் விசாவில் வந்திருக்கும் என் பொறுப்பில் அடுக்களையும் பேரனும். வயது இரண்டரை. குழம்பு சோற்றைத் தொட்டுவிட்டால் இரண்டையும் தள்ளிவிடுவான். பச்சையாக எது தெரிந்தாலும், "ஆச்சி, பூச்சி" என்பான்.

ஒவ்வாமை வேறு, செரியாமை வேறு

பால் ஆகவில்லை என்றால் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி போதாமல் வயிறு உப்புவது, பேதியாவது ஒன்று. பாலின் கேசின், வே ஆகிய புரதங்களை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாக நினைத்துத் தாக்குவது மற்றொன்று, அதுதான் ஒவ்வாமை. இந்த இரண்டாவது வகைக்கு 'லாக்டோஸ் இல்லாத பால்' உதவாது. அதில் சர்க்கரைதான் இல்லை, புரதம் அப்படியே இருக்கிறது. ஆட்டுப்பாலும் ஆகாது. அதன் புரதம் பசும்பாலினுடையதைப் பெரிதும் ஒத்தது.

இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒட்டகப்பால். பசும்பாலில் ஒவ்வாமை கிளப்பும் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் அதில் இல்லை என்பது உண்மைதான். சில குழந்தைகளுக்கு அது ஒத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் கேசின் அதிலும் இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் வீட்டில் சோதித்துப் பார்க்கிற விஷயமில்லை அது.

பால் பட்டவுடன் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. அட்ரினலின் ஊசி எழுதித் தந்திருந்தால் உடனே போட்டுவிட வேண்டும். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் 998.

பொட்டலத்தின் பின்பக்கம்

பாலை நிறுத்துவது சுலபம். ஒளிந்திருக்கும் பாலைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. மேரி பிஸ்கட், மால்ட் பானம், சில ரொட்டிகள், சிக்கன் நக்கெட், தயிரில் ஊறிய ஷவர்மா, நெய் ஊற்றி இறக்கும் ஹரீஸ் எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருக்க வேண்டியவை. நம்மவர் ஹோட்டலில் இட்லிக்குக் கேட்காமலே நெய் ஊற்றுவார்கள். கல்லில் முந்தின தோசைக்குப் போட்ட வெண்ணெய் அடுத்த தோசையிலும் ஒட்டும்.

ஒருநாள் சொதிக்காகத் தேங்காய்ப்பால் பொடி எடுக்கப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கம் படித்தால், தேங்காய்க்கு அடுத்து 'சோடியம் கேசினேட்' என்று இருந்தது. அது பால் புரதம். பொடி கட்டிப்படாமல் கரைவதற்காகச் சேர்ப்பது.

"தேங்காயில் எப்படிம்மா பால் வரும்?" என்றான் அடுக்கிக்கொண்டிருந்த மலையாளிப் பையன்.

"தேங்காயில் வராது தம்பி, ஃபேக்டரியில் வருது" என்று சொல்லிவிட்டு, உறைய வைத்த துருவல் தேங்காயை வாங்கி வந்தேன். வெந்நீர் விட்டு மிக்ஸியில் அடித்துப் பிழிந்தால் பால் தானாக வருகிறது.

லேபிளில் பால், வே, கேசின், நெய், வெண்ணெய் ஆகியவற்றைத் தேடுங்கள். உள்ளூர் பேக்கரியில் கேட்பதற்கு ஹலீப் என்றால் பால், ஸுப்தா வெண்ணெய், ஸம்ன் நெய், கிஷ்தா பாலாடை, ஜுப்னா சீஸ் என்பது தெரிந்தால் போதும்.

ஒரு டம்ளருக்குப் பதில் நாலு இடம்

எல்லோரும் கேட்பது, "பாலுக்குப் பதில் என்ன கொடுக்கிறீங்க?" என்றுதான். கேள்வியே சரியில்லை. பால் என்பது கொழுப்பு, புரதம், கால்சியம், பி12 எல்லாம் ஒரே டம்ளரில் வருகிற வசதி. அந்த வசதி இல்லாவிட்டால் சில்லறையாகப் பிரித்து வாங்க வேண்டியதுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2020 பரிந்துரைப்படி, 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். என் கணக்கு இப்படி: 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. இருக்கிறது, சின்னதாக இரண்டு கேழ்வரகு தோசைக்கு 30 கிராம் மாவு என்றால் 100 கிட்ட வந்துவிடும். கால்சியம் சேர்த்த, சர்க்கரை சேர்க்காத சோயா பாலில் பெரும்பாலும் 100 மில்லிக்கு 120 என்று போட்டிருக்கும். 200 மில்லிக்கு 240. டப்பாவை நன்றாகக் குலுக்க வேண்டும், கால்சியம் அடியில் தங்கிவிடும். சோயாவும் ஆகாத பிள்ளைகள் உண்டு என்பதால் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்கினோம்.

ஷார்ஜா சூக் அல் ஜுபைல் சந்தையில் சாளை வாங்கி, குக்கரில் முள் குழையும்வரை வேகவைத்து மசித்தால் இன்னும் ஒரு பங்கு. மீதி எள்ளுப்பொடியிலும் முருங்கைக்கீரையிலும். ஹம்மூஸில் சேரும் தஹினியும் எள்தான். ஆனால் அது பெரும்பாலும் தோல் நீக்கியது, கால்சியம் நிறைய தோலோடு போய்விடும். தோலில் ஆக்சலேட்டும் இருப்பதால், முழு எள்ளின் கால்சியமும் முழுதாக உடலில் சேராது. எள்ளே சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதையும் மறக்கக் கூடாது.

தேங்காய்ப்பால் கொழுப்புக்கு நல்லது. புரதமும் கால்சியமும் அதில் சொற்பம், அதை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துப் பால் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. புரதத்துக்கும் பி12-க்கும் முட்டை, மீன், புரதத்துக்குப் பருப்பும். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி-யும் வேண்டும். வெயில் கொளுத்தும் நாட்டில் அது குறைவது வேடிக்கைதான், ஆனால் பிள்ளைகள் ஏ.சி. அறையில்தானே வளர்கிறார்கள்? சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் டி உண்டாகாது. சொட்டு மருந்து எவ்வளவு என்று மருத்துவரைக் கேளுங்கள். எடையும் உயரமும் வளர்ச்சி வரைபடத்தில் ஒழுங்காக ஏறினால் கணக்கு சரி.

தட்டு நம்முடையது, வாய் அவனுடையது

அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த ஒரு பாகப்பிரிவினை உண்டு. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும்; சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். கதை சொல்லி, செல்போன் காட்டி, வாயைப் பிளந்து ஊட்டிய தலைமுறைக்கு இது கசப்பு மருந்து. ஆனால் வேலை செய்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு தீனி, நடுவே தண்ணீர் மட்டும். தட்டில் அவனுக்குப் பிடித்தது ஒன்று கட்டாயம் இருக்கும், பக்கத்திலேயே புதியது ஒரு கரண்டி. ஒன்றையொன்று தொடாமல் இருக்கத் தடுப்புத் தட்டு. இந்த வயதில் புது உணவைக் கண்டு பயப்படுவது இயல்பு. பத்து, பதினைந்து முறை கண்ணில் பட்ட பிறகே சில பிள்ளைகள் வாயில் வைக்கும். முருங்கைக்கீரையை ஒளித்து அரைக்காமல், அடை மாவில் அவன் கையாலேயே தூவச் சொன்னேன். முதலில் பொறுக்கி எறிந்தான். பிறகு பொறுக்குவதில் சலிப்பு வந்து, அப்படியே தின்ன ஆரம்பித்தான்.

ரமலானில் எதிர் வீட்டு சிரியாக்காரர்கள் தட்டு தட்டாக இனிப்பு அனுப்புவார்கள். வாங்கி வைத்து, அவன் தூங்கியதும் நாங்கள் சாப்பிடுவோம். அவனுக்குப் பேரீச்சம்பழம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. முன்னால் கொடுத்தால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது

கோடை விடுமுறைதான் பெரிய சோதனை. "ஒரு வாய் பால் குடிச்சா என்ன ஆயிரும்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த ஒவ்வாமை வளர வளர விலகும். ஆனால் விலகிவிட்டதா என்று பார்ப்பது மருத்துவமனையில் நடக்க வேண்டிய காரியம், கல்யாண வீட்டுப் பந்தியில் அல்ல. இதை எத்தனை தடவை விளக்கினாலும் ஏறாது. அதனால் இப்போது விளக்குவதில்லை, வேலை கொடுத்துவிடுகிறேன். சம்பந்தியம்மாவிடம் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுத்து அரைத்துத் தரச் சொல்லிவிட்டேன். பேரனுக்கு ஏதாவது ஊட்டியே தீர வேண்டும் என்ற அவர்கள் ஆசையும் நிறைவேறும், ஷார்ஜாவுக்கு நாலு மாதத்துக்கு மாவும் ஆகும்.