தாத்தாவோட ஒரு ரூபாய்க்கு 4 லட்சமா? புளி போடுறதுக்கு முன்னாடி, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்துல இருந்து சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, தாத்தா பெட்டியில நேரு படம் போட்ட ரூபா ஒண்ணு கெடச்சிருக்கு. வாட்ஸ்அப்ல ஒருத்தர் நாலு லட்சம் தாரேன்னு சொல்லுதாரு. ஆனா ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முதல்ல 1,850 ரூபா கட்டணுமாம். கட்டிரவா?"

பின்னால ஆச்சி குரல்: "ஏல, கறுத்துல்லா கெடக்கு! புளி போட்டுத் தேச்சுக் குடு, பளபளன்னு ஆயிரும்."

ரெண்டையும் உடனே நிறுத்தச் சொன்னேன். கட்டினா 1,850 போயிருக்கும். தேய்ச்சிருந்தா அந்தக் காசுக்கு இருக்கிற கொஞ்ச மதிப்பும் போயிருக்கும்.

முதல்ல அந்த நாலு லட்சம்

பழைய காசு, நோட்டு வாங்குறோம்னு சொல்லி, ரிசர்வ் வங்கி பேரையும் லோகோவையும் காட்டி கமிஷன், வரின்னு பணம் கேட்கிற கும்பல் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிக்கை விட்டிருக்கு. இந்த மாதிரி வியாபாரத்துல நாங்க இல்லை, எங்க சார்பில் பணம் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கலைன்னு தெளிவா சொல்லிட்டாங்க. ரூல் ரொம்ப சிம்பிள்: காசை வாங்குறவன் உங்களுக்குப் பணம் தரணும். உங்ககிட்ட பணம் கேட்டா அவன் வாங்க வந்தவன் இல்லை.

சரி, அந்தக் காசு உண்மையில என்ன? வரிசையா பார்ப்போம். நிறத்தைக் கடைசியில பாருங்க.

1. உலோகம்

நேரு மறைவுக்குப் பிறகு 1964-ல் வந்தது இந்த ரூபாய். சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம். சுத்தமான நிக்கல், எடை 10 கிராம். நிக்கல் காந்தத்துல ஒட்டும். 1975-க்குப் பிறகு வந்த செம்பு-நிக்கல் கலப்பு ரூபாய் ஒட்டாது. 1992-ல் இருந்து வந்த எவர்சில்வர் ரூபாயும் ஒட்டும், ஆனா அது 5 கிராம் கூட இருக்காது. அதனால காந்தம், தராசு ரெண்டும் வேணும். தெரிஞ்ச நகைக்கடை அண்ணாச்சிகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல எடை போட்டுத் தருவார்.

2. வகை

1889–1964-ன்னு போட்டிருக்கிற இடத்துக்குக் கீழே பாருங்க. சின்ன டைமண்ட் குறி இருந்தா பம்பாய் நாணயச் சாலை. குறியே இல்லைன்னா கல்கத்தா. அதே வருஷம் வந்த நேரு 50 பைசாவுல இன்னொரு வித்தியாசம் உண்டு: பெயர் ஆங்கிலத்துல இருக்கிறது ஒரு வகை, இந்தியில இருக்கிறது இன்னொரு வகை. சேகரிக்கிறவங்க ரெண்டையும் தனித்தனியா தேடுவாங்க. ஆனா இந்த ரூபாய் ஏராளமா அடிச்ச காசு. குறி தெரிஞ்சதும் லட்சம்னு கனவு காண வேண்டாம்.

3. தேய்மானம்

விலையைத் தீர்மானிக்கிறது பெரும்பாலும் இதுதான். மேடான இடங்கள்தான் முதல்ல தேயும்: நேருவோட கன்னம், காதுக்கு மேல இருக்கிற முடி, மறுபக்கம் சிங்கத்தோட பிடரி. டேபிள் லைட்டுக்குக் கீழே விளிம்பைப் பிடிச்சு மெதுவா சாய்ச்சுப் பாருங்க. புழங்காத காசுல ஒரு வெளிச்சப் பட்டை சக்கரம் மாதிரி சுத்தி வரும். கன்னத்து மேல வரும்போது அந்தப் பட்டை உடைஞ்சு மங்கிப் போனா, காசு கை மாறியிருக்கு. கடைக்காரங்க சொல்ற விஎஃப், எக்ஸ்எஃப், யுஎன்சி எல்லாம் இந்தத் தேய்மானத்தோட படிகள்தான். கடைசியில சொன்ன யுஎன்சி, புழங்காத காசு.

4. நிறம்

எங்க தாத்தா மில்லுல வேலை பார்த்தவர். சம்பளக் கவருக்குள்ளேயே காசைப் போட்டு வெச்சிருந்தார். பழைய காகிதத்துல இருக்கிற கந்தகம், ஈரக்காத்து எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்குல காசு மேல மெல்லிய படலம் உண்டாக்கும். நிக்கல்ல அது சாம்பலாவோ லேசான பொன் நிறமாவோ தெரியும். படலத்துக்கு அடியில வெளிச்சப் பட்டை ஓடுதான்னு பாருங்க. ஓடினா நிறம் குறையே இல்லை, சிலர் அதை விரும்பியே வாங்குவாங்க. ஓடலைன்னா கீழே இருக்கிறது தேஞ்ச காசு.

ரெண்டு எச்சரிக்கை. அடுப்புல சூடு காட்டினாலே நிக்கல்ல பொன், ஊதா, நீலம் எல்லாம் வரும். அதனால "ரெயின்போ" காசுக்குக் கூட விலை கேட்டா சந்தேகப்படுங்க. அடுத்தது, சின்னச் சின்னக் குழி விழுந்த காசு. தாமிரபரணியில நேர்ந்துக்கிட்டுப் போட்ட காசை எடுத்துப் பாருங்க, தண்ணியும் மணலும் அரிச்சது எப்படி இருக்கும்னு புரியும். அந்தச் சேதம் திரும்ப சரியாகாது.

புளி, பல்பொடி, விபூதி எதுவும் வேண்டாம். செம்புக் குடத்துக்கு அது சரி. காசுல படலத்தோட மேல்தோலும் சேர்ந்து போயிரும். ஸ்கூல்ல படிக்கும்போது நானே ஒரு காசைப் பல்பொடி போட்டுத் தேய்ச்சேன். முடி மாதிரி கீறல்கள் இன்னைக்கும் அதுல இருக்கு.

முதலீடா இது?

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு உதாரணத்துக்கு, கடையில 300 ரூபாய்க்கு ஒரு காசு வாங்குறீங்க. அதே 300-ஐ 7% வட்டியில 5 வருஷம் போட்டா சுமார் 421 ஆகும். கடைக்காரர் தான் விற்கிற விலையில 60%-க்குத்தான் உங்ககிட்ட திரும்ப எடுப்பார்னு வைங்க. உங்க கைக்கு 421 வரணும்னா கடை விலை சுமார் 700-ஐத் தொடணும். அதாவது வருஷத்துக்கு 18.5% ஏறணும், வெறும் எஃப்டியை எட்டிப் பிடிக்கவே! அதனால ஆசைக்குச் சேருங்க, எமர்ஜென்சி ஃபண்டை இதுல போடாதீங்க. வாங்கினா பில்லைப் பத்திரமா வைங்க. பின்னால விக்கும்போது வாங்கின விலையைக் காட்ட அதுதான் ஆதாரம்.

தம்பி காசு என்னாச்சு?

வீடியோ கால்ல பார்த்தோம். காந்தத்துல ஒட்டிச்சு, டைமண்ட் குறி இருந்துச்சு, கன்னத்துல பட்டை உடைஞ்சது. விஎஃப் அளவு. லட்சம் எல்லாம் இல்லை. பிவிசி இல்லாத காயின் ஹோல்டர்ல போட்டு, வெளியே தாத்தா பேரை எழுதி வெச்சுட்டான். அந்த 1,850 அவன் எஸ்ஐபி-க்குப் போச்சு.

ஆச்சிக்கு மட்டும் இன்னும் மனசு ஆறலை. "தேச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்ல"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கா.

உங்க வீட்டுல இப்படி காசு இருந்தா, தேய்க்காம ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல சேர்ந்து பார்ப்போம்.