மார்க் ஷீட்டை மட்டும் அனுப்பாதீங்க

போன மாதம் ஊரிலிருந்து சித்தி மகன் வாட்ஸ்அப்பில் மார்க் ஷீட்டை அனுப்பி, "அண்ணே, 91 சதவீதம் இருக்கு. ஜெர்மனியில ஸ்காலர்ஷிப் கிடைச்சுரும்ல?" என்று கேட்டான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். மாஸ்டர்ஸ் உதவித்தொகைக்கு, சீனியர் எழுதிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். கிடைக்கவில்லை. அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் செய்தது சரி.

படிப்புக்குப் படிப்பு பார்க்கிற விஷயம் மாறும். இளநிலை மாணவர்களும் விண்ணப்பிக்கக்கூடிய டாய்ச்லண்ட்ஸ்டிபெண்டியம் மாதம் 300 யூரோ தருகிறது; பாதி மத்திய அரசு, பாதி தனியார். தேர்வு செய்வது அந்தந்தப் பல்கலைக்கழகம். மதிப்பெண்ணோடு சமூகப் பணி, வீட்டுச் சூழல், புலம்பெயர்ந்த பின்னணி எல்லாம் கணக்கில் வரும். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதை விண்ணப்பத்தில் எழுதச் சொன்னால், "அது எதுக்கு அங்கிள்?" என்கிறார்கள். அதுதானப்பா முக்கியம்!

டிஏஏடி போன்ற அமைப்புகளின் மாஸ்டர்ஸ் உதவித்தொகைக்கு, ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நாடு என்ற கடிதம் கனமாக இருக்க வேண்டும். பிஎச்டி என்றால் ஆராய்ச்சித் திட்டமும், வழிகாட்ட ஒப்புக்கொண்ட பேராசிரியரும் வேண்டும்.

தம்பியிடம் கேட்டேன்: "நீ எதுக்கு இதைப் படிக்கணும்?"

"யோசிச்சுச் சொல்றேன்ணே" என்றான். மூணு வாரம் ஆச்சு.