டிராக்டரில் டிரெய்லர் மாட்டும்போது உஷார்! பின் சிக்காமல் கழற்ற சுலப வழி

தஞ்சை:-

காலையில் ரொட்டவேட்டர். மதியம் டிரெய்லர். சாயங்காலம் மறுபடியும் கலப்பை. அறுவடை நேரம் வந்துவிட்டால் டெல்டா மாவட்டங்களில் ஒரு டிராக்டருக்கு ஒரே நாளில் இத்தனை வேலை. ஒவ்வொரு தடவையும் டிரெய்லரைக் கழற்றி மாட்டியாக வேண்டும்.

அங்கேதான் வம்பே. கொக்கி பின் லேசில் வராது. சம்மட்டியால் அடி, கடப்பாரையால் நெம்பு என்று அரை மணி நேரம் போய்விடும். நேரம் போனால்கூட பரவாயில்லை. ஒரு சாண் இரும்பு பின்னை மாட்டப்போய் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஆள் நசுங்கினால் உயிரே போய்விடும்.

இந்த வேலையை சுலபமாகவும் ஆபத்து இல்லாமலும் செய்வது எப்படி? விவரம் வருமாறு:-

ஏன் சிக்குகிறது?

டிரெய்லரின் முன்பக்கம் முக்கோணமாக நீண்டிருக்கும் சட்டத்தின் நுனியில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். டிராக்டரின் பின்னால் மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு வைத்த கொக்கி இருக்கும். இரண்டு தகடுக்கும் நடுவில் வளையத்தைக் கொண்டுவந்து, மேலிருந்து பின்னை இறக்க வேண்டும். பின்னின் கீழ் முனையில் உள்ள சின்னத் துளையில் ஒரு பூட்டு ஊசி போட வேண்டும். மாட்டு வண்டியில் சக்கரம் கழலாமல் இருக்க கடையாணி போடுவார்களே, அதே வேலைதான் இந்த ஊசிக்கும்.

பின் வராவிட்டால் எல்லோரும் துருவைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் துரு அல்ல, பாரம். ஏற்றத்தில் நிற்கும் டிரெய்லர் டிராக்டரை பின்னால் இழுக்கும். இறக்கத்தில் நின்றால் முன்னால் தள்ளும். எப்படி நின்றாலும் வளையம் பின்னைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கவ்விய பின்னை அடித்தால் தலை நசுங்குமே தவிர வெளியே வராது. முதலில் பாரத்தை எடுக்க வேண்டும். அப்புறம் பின் கையோடு வந்துவிடும்.

முன்பாரம், பின்பாரம்

பார வண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு சக்கர டிரெய்லரும் மாட்டு வண்டி மாதிரிதான். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் 40 கிலோ நெல் மூட்டை 75 ஏற்றினால் 3 டன். மூட்டைகளை முன்னால் அடுக்கினால் பாரம் கொக்கியின் மேல் உட்காரும். பின்னால் அடுக்கினால் வளையம் மேலே தூக்கும். அந்த நேரத்தில் பின்னை உருவினால் சட்டம் பட்டென்று மேலே எழும்பி, குனிந்து நிற்பவரின் தாடையிலேயே அடிக்கும்.

ஆகவே பாரத்தோடு இரண்டு சக்கர டிரெய்லரைக் கழற்றவே கூடாது. வேறு வழியே இல்லை என்றால் முன்னாலும் பின்னாலும் கெட்டியாக முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் பின்னில் கை வைக்க வேண்டும். நான்கு சக்கர டிரெய்லரில் இந்தத் தொல்லை குறைவு. பாரம் முழுவதும் அதன் சக்கரங்களிலேயே நின்றுவிடும்.

கழற்றும் முறை

1. சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். வரப்பு ஓரமும் சரிவும் வேண்டாம்.

2. டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். செங்கல் நொறுங்கிவிடும், மரக்கட்டைதான் சரி.

3. முன் ஸ்டாண்டை இறக்குங்கள். ஈரத்தரையாக இருந்தால் அடியில் பலகை போடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டாண்டு சேற்றில் இறங்கி, மறுபடி மாட்டும்போது வளையம் எட்டாது.

4. டிராக்டரை ஒரு விரல்கடை அளவுக்கு முன்னேயோ பின்னேயோ நகர்த்தி நிறுத்துங்கள். இழுவை விட்டுப்போகும். பிரேக் பூட்டி என்ஜினை அணையுங்கள்.

5. ஊசியை எடுத்துவிட்டு பின்னை மேலே இழுங்கள். வராவிட்டால் அடிக்க வேண்டாம். மறுபடி இறங்கி ஏறி இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.

மாட்டும்போது நடுவில் ஆள் கூடாது

ஆபத்து மாட்டும்போதுதான் அதிகம். டிரைவர் ரிவர்சில் வருவார். உதவி ஆள் வளையத்தைப் பிடித்துக்கொண்டு டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நிற்பார். கிளட்சில் இருந்து கால் ஒரு தடவை வழுக்கினால் போதும், கத்தக்கூட நேரம் இருக்காது.

உதவி ஆள் பக்கவாட்டில், டிரைவரின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். டிராக்டர் முழுசாக நின்று, என்ஜின் அணைந்த அப்புறம்தான் உள்ளே போக வேண்டும். துளையும் வளையமும் நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. வளையம் ஒரு நூல் நகர்ந்தாலும் விரல் துண்டாகிவிடும். ஒரு குச்சியையோ கம்பியையோ விட்டுப் பாருங்கள்.

செலவு குறைவான மாற்றங்கள்

உள்ளூர் வெல்டிங் பட்டறையிலும் லேத்திலும் அரை நாளில் முடிகிற வேலைகள் இவை:-

* திருகி உயரம் மாற்றுகிற ஸ்டாண்டு. வளையத்தை கொக்கியின் உயரத்துக்கே நிறுத்திவிடலாம். கல்லை அடுக்க வேண்டியதில்லை, நாலு பேரைக் கூப்பிட வேண்டியதில்லை.

* பின்னின் கீழ் முனையை பென்சில் மாதிரி கொஞ்சம் சரித்துக் கடைந்துவிடுங்கள். துளை லேசாக விலகி இருந்தாலும் தானே வழி பிடித்து இறங்கும்.

* பின்னின் தலையில் பிடிக்க வாகாக கைப்பிடி. அதிலிருந்து ஒரு சின்னச் சங்கிலியை கொக்கியோடு கட்டிவிட்டால் பின் வயலில் தொலையாது. ஊசிக்கும் அதே மாதிரி ஒரு சங்கிலி.

* கொக்கியின் நடுவிலும் டிரெய்லர் சட்டத்தின் நடுவிலும் வெள்ளை பெயிண்ட் கோடு. டிரைவர் திரும்பிப் பார்த்து தனியாகவே நேராக வரலாம்.

* மாட்டும் முன் பின்னைத் துடைத்து புது கிரீஸ். மண் ஒட்டிய பழைய கிரீஸ் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

துருவால்தான் இறுகிவிட்டது என்றால் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் லேசாகத் தட்டுங்கள். கேஸ் வைத்து சூடாக்க வேண்டாம். இரும்பின் உறுதி போய்விடும், எண்ணெயிலும் தீப்பிடிக்கும்.

ரொட்டவேட்டர் மாட்டும்போது பி.டி.ஓ. ஷாப்டில் கொக்கி இடித்தால் கொக்கியையும் கழற்ற வேண்டியிருக்கும். அதன் போல்ட் மரைகளில் கிரீஸ் தடவி வைத்தால் அடுத்த தடவை ஸ்பேனருக்கு மடங்கும். கழற்றிய போல்ட்டுகளை ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள். அவசரத்துக்கு சின்ன சைஸ் போல்ட் போடுவதும், கழற்றும் தொல்லை வேண்டாம் என்று கொக்கியை வெல்டிங் வைத்துவிடுவதும் தப்பு.

கட்டுமானக் கம்பி வேண்டாம்

பின் தொலைந்தால் வீடு கட்டிய மிச்சக் கம்பியை வெட்டிப் போடுகிற பழக்கம் இருக்கிறது. அது துளைக்குச் சரியாக உட்காராது. ஆட ஆட துளை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் புது பின் போட்டாலும் லொடலொடக்கும். லேத்தில் இ.என்.8 இரும்பில் கடைந்து தரச் சொல்லுங்கள். பின் நடுவில் படி மாதிரி தேய்ந்திருந்தாலோ வளைந்திருந்தாலோ நிமிர்த்திப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. கொக்கி கிடைக்கவில்லை என்று மேலே உள்ள டாப் லிங்க் துளையில் சங்கிலி கட்டி டிரெய்லரையோ, சேற்றில் மாட்டிய வண்டியையோ இழுக்கக் கூடாது. இழுவை உயரத்தில் விழுந்தால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கி, வண்டி டிரைவர் மேலேயே மல்லாக்க விழும். குதிக்க அவகாசம் இருக்காது. எப்போதும் கீழே உள்ள கொக்கியில்தான் இழுக்க வேண்டும்.

ரோட்டுக்குப் போகும் முன்

பின் முறிந்தாலும் டிரெய்லர் தனியாக ஓடாமல் இருக்க, டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் ஒரு பாதுகாப்புச் சங்கிலி போடுங்கள். திருப்பத்தில் இழுபடாத அளவுக்குத் தொய்வு இருந்தால் போதும். டிரெய்லரின் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டுங்கள். இருட்டில் டிரெய்லர் இருப்பது தெரியாமல் பைக்கில் வந்து மோதுகிறவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரையும் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டிராக்டரை வாடகைக்கு விடுகிற முதலாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுவில் நின்று வளையத்தைப் பிடிப்பவர் பெரும்பாலும் தினக்கூலி ஆள். ஸ்டாண்டும் நல்ல பின்னும் இருந்தால் அவர் அங்கே நிற்கவே வேண்டியதில்லை. இந்த அறுவடைக்கு வண்டி இறங்கும் முன் பட்டறையில் ஒரு அரை நாள் விட்டு எடுங்கள்.