எகிப்திய ஊடகவியலாளரும் செய்தி எனும் அமானிதமும்

அரசின் பிடியிலுள்ள ஊடகமொன்றில் பணிபுரிபவர் யாருக்குப் பொறுப்புக் கூற வேண்டியவர்? ஊதியம் வழங்கும் அரசுக்கா, செய்தியை நம்பும் மக்களுக்கா? இவ்வினாவுக்கு எகிப்திய ஊடகவியலாளர் அளித்த விடை காலப்போக்கில் மாறி வந்துள்ளதை நாம் காண்கிறோம்.

1960இல் ஜனாதிபதி ஜமால் அப்துல் நாஸர் அல்அஹ்ராம் உள்ளிட்ட பெரும் பத்திரிகை நிறுவனங்களை ஆளும் அரசியல் அமைப்பின் உடைமையாக்கினார். தேச நிர்மாணத்திற்காக மக்களை அணிதிரட்டுவதே பத்திரிகையாளரின் கடமையெனக் கொள்ளப்பட்டது. அந்நிய ஆதிக்கத்திலிருந்து விடுபட்ட தேசத்தில் பலர் அதனை மனமுவந்தே ஏற்றனர். எனினும், 1967 ஜூன் யுத்தத்தில் கெய்ரோ வானொலி வெற்றிகளையே முழங்கிக் கொண்டிருந்தது. மக்களோ தோல்வியைப் பின்னரே அறிந்தனர். அணிதிரட்டும் பணி உண்மையை விழுங்கிவிடும் என்பதற்கு அது கசப்பான சான்றாயிற்று.

2004இல் அல்மஸ்ரி அல்யவ்ம் எனும் தனியார் நாளிதழ் தோன்றியது. மறு ஆண்டு நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் தமன்ஹூரில் முறைகேடு நிகழ்ந்ததாக நீதித்துறை அதிகாரி நுஹா அஸ்ஸைனி அளித்த சாட்சியத்தை அது வெளியிட்டது. கண்டதைச் சொல்வதே தொழில்தர்மம் எனும் எண்ணம் வலுப்பெற்றது. இதற்கு மாறாக, 2010இல் வாஷிங்டனில் ஏனைய தலைவர்களுக்குப் பின்னால் நடந்த ஹுஸ்னி முபாரக்கை முன்னால் நடப்பவராக மாற்றிய படத்தை அல்அஹ்ராம் பிரசுரித்து நகைப்புக்குள்ளானது. 2011 பெப்ரவரியில், அரச நைல் தொலைக்காட்சியின் ஷஹீரா அமீன் பதவி விலகித் தஹ்ரீர் சதுக்கத்திற்குச் சென்றார்.

ஆயினும், அம்மாற்றம் நிலைபெறுவதற்கான பாதுகாப்புக் கிட்டவில்லை. 2014 ஒக்டோபரில் பத்திரிகை ஆசிரியர்கள் பலர் அரச நிறுவனங்கள் மீதான விமர்சனத்தைத் தவிர்ப்பதாக உறுதியளித்தபோது, நூற்றுக்கணக்கான ஊடகவியலாளர்கள் அதனை நிராகரித்துக் கையொப்பமிட்டனர். 2018இன் சட்டமோ 5000 பேருக்கு மேல் பின்தொடரும் தனிநபர் கணக்குகளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது.

செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிக்கின்றது. ஹதீஸ்கலை அறிஞர்கள் அறிவிப்பாளரின் பதவியையன்றி நேர்மையையும் நினைவாற்றலையுமே எடைபோட்டனர். செய்தி ஓர் அமானிதம் என்பது நமக்குப் புதிய பாடமன்று. ஆனால், அந்த அமானிதத்தைத் தனிமனிதரின் துணிவின் மீது மட்டும் சுமத்திவிட்டு, அவரைக் காக்கும் சட்டத்தையும் நிறுவனங்களையும் உருவாக்காதிருப்பது நீதியாகாது.