நங்கூரத்தின் பிடி



படகு ஓடுவதற்கு வேண்டிய கருவிகளைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகின்றோம். அது நிற்பதற்கு வேண்டிய கருவியைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆயினும், இயந்திரம் பழுதுற்ற படகைக் காற்றானது கரைப் பாறையை நோக்கித் தள்ளும் வேளையில், அதிலுள்ளோரின் உயிரைக் காக்க வல்லது அணியத்தில் கிடக்கும் நங்கூரமே. மோட்டார் உல்லாசப் படகுகளில் அதனைக் கையாளும் முறையையும் பேணும் முறையையும் இன்று சிறிது ஆராய்வோம்.

நங்கூரத்தின் பாரமே படகை நிறுத்துகின்றது என்று பலர் கருதுவர். அது முழு உண்மையன்று. பல தொன் எடையுள்ள படகைச் சில பத்துக் கிலோ எடையுள்ள நங்கூரம் தடுத்து நிறுத்துகின்றதே, எங்ஙனம்? ஏரின் கொழுவைப் போல அது கடலடி மண்ணிற் புதைந்து பிடிக்கின்றது. ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர் என்னும் ஆங்கிலேய அறிவியலறிஞர் 1933ஆம் ஆண்டில் அமைத்த நங்கூரம் கலப்பை வடிவினதே. குறைந்த எடையில் மிகுந்த பிடி என்பதே அதன் சிறப்பு.

புதைந்த நங்கூரத்தைக் கிடையாக இழுத்தால் அது மேலும் ஆழ்ந்து செல்லும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். ஆதலால் சங்கிலியைத் தாராளமாக விடல் வேண்டும். நீரின் ஆழம் 5 மீற்றர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1 மீற்றர் எனக் கொள்வோம். மொத்தம் 6 மீற்றர். முழுவதும் சங்கிலியாயின் இதன் ஐந்து மடங்கு, அதாவது 30 மீற்றர் விடுவது வழக்கம். சங்கிலியோடு கயிறும் சேர்ந்திருப்பின் ஏழு மடங்கு, அதாவது 42 மீற்றர் வேண்டும். வற்றுப்பெருக்கினால் நீர் உயருமாயின் அதனையும் முதலிலேயே கணக்கிற் சேர்த்துக்கொள்க. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதை மறத்தலாகாது. காற்றுக் கடுமையாகுமுன் மேலும் சங்கிலி விடுவதே அறிவுடைமை.

நங்கூரமிடும்போது படகின் அணியத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துக. மணலும் சேறும் நல்ல பிடி தரும்; பாறையில் நங்கூரம் சிக்கிக்கொள்ளும்; பவளப் பாறையில் இடுதல் கடலுயிர்களுக்கு இழைக்கும் கொடுமை. நங்கூரம் தரையைத் தொட்டதும் படகை மெல்லப் பின்செலுத்திச் சங்கிலியை நீள விடுக. அதனை ஒரே குவியலாகக் கொட்டுதல் கூடாது. பின்னர் இயந்திரத்தைப் பின்னோக்கிச் சற்று இயக்கி நங்கூரத்தைப் புதையச் செய்க. கரையிலே ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றும் இரு பொருள்களை, ஒரு மரத்தையும் ஒரு வீட்டையும் என வைத்துக்கொள்வோம், பக்கவாட்டிற் குறித்துக்கொள்க. அவை ஒன்றைவிட்டொன்று தொடர்ந்து விலகிச் செல்லுமாயின் நங்கூரம் இழுபடுகின்றது என்பது பொருள். படகு வட்டமாகச் சுழல இடமுண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

சங்கிலியைச் சுற்றும் மின்னியந்திரம் நங்கூரத்தைத் தூக்குவதற்கு உரியது. படகின் முழு இழுவையையும் தாங்குவதற்கு உரியதன்று. நைலோன் கயிற்றின் ஒரு முனையைச் சங்கிலியிற் கொளுவி, மறுமுனையைப் படகின் உறுதியான கட்டையிற் கட்டினால், கயிறு நெகிழ்ந்து அலையின் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும். நங்கூரத்தை எடுக்கும்போதும் படகை மெல்ல முன்செலுத்திச் சங்கிலியைத் தளர்த்திய பின்னரே மின்னியந்திரத்தை இயக்குக.

இனிப் பராமரிப்பு. உப்பும் சேறும் இரும்பின் பகைகள். இயன்றபோதெல்லாம் சங்கிலியை நன்னீராற் கழுவுக. நாகப்பூச்சு ஒரு பக்கத்தில் தேய்ந்தால், சங்கிலியை முனை மாற்றிப் பூட்டலாம். வளையத்தின் தடிப்பிற் பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால் புதுச் சங்கிலி வாங்குவதே முறை. நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் கொளுவியின் ஆணி தானே கழன்றுவிடாதவாறு கம்பியாற் கட்டுக. நீளம் தெரியும்படி பத்து மீற்றருக்கொரு வர்ண அடையாளம் இடுக.

இறுதியாக, சங்கிலியின் உள்முனையைப் பாருங்கள். அது படகோடு கட்டப்படாதிருப்பின், கைதவறிய ஒரு கணத்தில் நங்கூரமும் சங்கிலியும் ஒருங்கே கடலடி சேரும். அதனை இரும்பாற் பூட்டாது வலிய கயிற்றாற் கட்டுதல் நன்று. பேராபத்து நேர்கையில் கத்தியால் அறுத்துவிட்டுப் படகைக் காக்கலாம். இவையனைத்தையும் சோதிப்பதற்குரிய வேளை, கடல் அமைதியாயிருக்கும் வேளையே. புயல் எழுந்தபின் கொளுவியைத் தேடுபவனுக்குக் கடல் தவணை கொடுப்பதில்லை.