சிறகுள்ள குதிரையும் பிள்ளை உள்ளமும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரையிலும் கரிசல் நிலமும், கண்மாய்களும், பனைகளும், சீமைக் கருவேல முட்களும் விரிந்து கிடக்கின்றன. வானம் பார்த்த பூமி அது. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே காட்சி தரும். அங்கே ஐந்து வயதுப் பாலகன் ஒருவன் தெருவிலிருந்து ஓடி வந்து, "அத்தா! ஆற்றிலே கப்பல் வந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்!" என்று மூச்சிரைக்கக் கூறுவதாக எண்ணிப் பாருங்கள். நீங்கள் என்ன மறுமொழி கூறுவீர்கள்?

"பொய் சொல்லாதே! பொய் சொன்னால் அல்லாஹ் தண்டிப்பான்" என்று அதட்டுவோர் நம்மில் பலர். காதைத் திருகுவோரும் உண்டு. பொய்யை வெறுப்பது ஈமானின் இலக்கணம், அதில் ஐயமில்லை. ஆயினும் அந்தப் பாலகன் கூறியது பொய்தானா? இதற்கு விடை காண, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருஇல்லத்துக்குள் சற்றே நுழைந்து பார்ப்போம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் போரொன்றிலிருந்து மதீனா திரும்பியிருந்த நேரம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்துச் சிற்றறையில் தொங்கிய திரையைக் காற்று விலக்கிற்று. உள்ளே அன்னையாரின் விளையாட்டுப் பொம்மைகள் இருந்தன. அவற்றின் நடுவே கந்தல் துணியால் சிறகுகள் கட்டிய குதிரை ஒன்றும் நின்றது. அது என்னவென்று நபிகளார் வினவினார்கள். குதிரை என்றார்கள் அன்னையார். அதன்மேல் இருப்பது யாது என்றார்கள்; இரண்டு சிறகுகள் என்று பதில் வந்தது. குதிரைக்குச் சிறகா என்று வியந்து கேட்டபோது, நபி சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்வியுற்றதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். அது கேட்டு, கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு நபிகளார் சிரித்தார்கள் என அபூதாவூத் நபிமொழித் தொகுப்பு அறிவிக்கிறது.

அன்பர்களே! போர்க்களம் கண்டு திரும்பிய தலைவர், கந்தல் சிறகு கட்டிய ஒரு பொம்மையின் முன் நின்று கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். கடிந்து கொள்ளவில்லை. வீண் வேலை என்று தள்ளவுமில்லை. கேட்டார்கள், செவிமடுத்தார்கள், மகிழ்ந்தார்கள்.

இனி, மற்றொரு நிகழ்ச்சியையும் காண்போம். அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்த காலம். நபிகளார் அவர்களது வீட்டில் அமர்ந்திருந்தார்கள். தாயார் மகனை அழைத்து, வந்தால் ஒன்று தருவதாகச் சொன்னார். என்ன தர எண்ணினீர் என்று நபிகளார் உடனே வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். நீர் ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று பெருமானார் எச்சரித்தார்கள்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சிந்தியுங்கள். கற்பனையில் பிறந்த சிறகுக் குதிரையைக் கண்டு சிரித்த அதே திருவாய், பெரியவர் பிள்ளைக்குத் தரும் வெறும் வாக்கைப் பொய்யென்று உரைத்தது. நாமோ இதைத் தலைகீழாகச் செய்து வருகிறோம். "அழாதே, நாளைக்குச் சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்று கூசாமல் சொல்கிறோம். ஆற்றில் கப்பல் கண்ட பிள்ளையைப் பொய்யன் என்கிறோம்!

தண்டனைக்குத் தப்பவோ, பிறர்மீது பழி சுமத்தவோ பிள்ளை ஒன்றைக் கூறினால் அது பொய். அன்போடு திருத்தியே ஆக வேண்டும். தானும் மகிழ்ந்து பிறரையும் மகிழ்விக்கக் கூறுவது விளையாட்டு. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, கேட்பதுதான். "கப்பலில் எத்தனை பேர் வந்தார்கள்? அதில் உனக்கு இடமிருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் முகமே விடை கூறிவிடும்.

கடைச் சாமான்களைக் காட்டிலும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனையே பெரிய விளையாட்டுப் பொருளாய் இருந்து வந்துள்ளது. தின்று எறிந்த நுங்குக் காய்கள் இரண்டைக் குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் அதுவே பேருந்து. கண்மாய்க் களிமண் பிசைந்தால் காளையும் வண்டியும் தயார். செலவில்லாத செல்வம் அது. அதனை அதட்டிப் பறித்து விடாதீர்கள்.

1985 வரை அருப்புக்கோட்டையும் இராமேசுவரமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்தார் அப்துல் கலாம். தந்தை ஜைனுலாப்தீன் மரப்படகு கட்டுவதை ஆறு வயதில் அருகிருந்து பார்த்தார். கடற்பறவைகளைக் கண்டு தாமும் பறக்க ஏங்கினார். பறவை பறக்கும் விதத்தை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்திய எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநர் அவரே. கனவு காணும் பிள்ளைகள் அனைவரும் விஞ்ஞானியாகிவிடுவர் என்பதில்லை. வானத்தைப் பார்த்து நின்ற ஒரு சிறுவனைப் பெரியவர்கள் ஏளனம் செய்யாதிருந்தார்கள் என்பதே நமக்குப் பாடம்.

திருமறையின் 12-ஆம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். பதினொரு விண்மீன்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணியக் கண்டதை இளம் யூசுஃப் (அலை) தந்தையிடம் கூறுகிறார். அது இறைவன் காட்டிய கனவு; பிள்ளைகளின் கற்பனையோடு அதை ஒப்பிடலாகாது. ஆனால் தந்தை யஃகூப் (அலை) அதனைக் கேட்ட முறை நமக்குரியது. அவர் முழுவதும் கேட்டார்; வரவிருந்த ஆபத்தை உணர்ந்தார்; சகோதரர்களிடம் கூற வேண்டாமென்று அறிவுறுத்தினார். கேட்டதனால்தான் அவரால் எச்சரிக்க முடிந்தது.

கப்பலைச் சொன்னதற்கு அறை வாங்கிய பிள்ளை, நாளை எவரேனும் தன்னை அச்சுறுத்தினாலும் வீட்டில் வாய் திறக்காது. கலகலப்பாய்ப் பேசிய குழந்தை திடீரென மௌனமானால், அதனையும் பகற்கனவென்று தள்ளிவிடாதீர்கள். அணைத்துக் கொண்டு காரணம் கேளுங்கள்.

ஓதவும் படிக்கவும் நேரம் ஒதுக்குகிறோம். இன்று ஜும்ஆ தொழுது வீடு திரும்பியதும், பிள்ளையின் பேச்சுக்கும் சிறிது நேரம் ஒதுக்குங்கள். கைபேசியை அப்பால் வைத்துவிட்டு, "இன்று ஆற்றில் என்ன வந்தது?" என்று நீங்களே கேளுங்கள். அவன் சொல்வதைக் கேட்டுச் சிரியுங்கள். அந்தச் சிரிப்பும் ஒரு சுன்னத்தே!